மீண்டும் மிதந்த கப்பல்கள்

1942 மே மாதத்தின் முதல் நாட்களில், யப்பானின் உள்நாட்டுக் கடலில் நங்கூரமிட்டிருந்த யமாட்டோ என்ற பெரும் போர்க்கப்பலில் ஒரு யுத்த விளையாட்டு நடந்தது. மேசையில் விரித்த வரைபடம், இரு தரப்பாகப் பிரிந்த அதிகாரிகள், மோதல்களின் முடிவைத் தாயக்கட்டை உருட்டித் தீர்மானிக்கும் நடுவர்கள். ஒரு மாதத்தின் பின் நடக்கவிருந்த மிட்வே தாக்குதலுக்கான ஒத்திகை அது. தலைமை நடுவராக இருந்தவர் கூட்டுக் கடற்படையின் பிரதம அலுவலர் உகாகி மட்டோமே.

ஆட்டத்தின் ஒரு கட்டத்தில், மிட்வேத் தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கின. நடுவர் ஒக்குமியா தாயக்கட்டையை உருட்டினார். ஒன்பது குண்டுகள் பட்டன என்று விழுந்தது. அக்காகி, காகா என்ற இரு கப்பல்களும் மூழ்கவேண்டும். உகாகி குறுக்கிட்டார். ஒன்பது மூன்றாயிற்று. அக்காகி சிறு சேதத்துடன் தப்பியது. காகா மட்டும் மூழ்கியது. பின்னர் ஆட்டம் தென் பசிபிக் நடவடிக்கைகளுக்கு நகர்ந்தபோது, மூழ்கிய காகாவும் எழுந்து வந்து அணியில் சேர்ந்துகொண்டது. யுத்தத்தின் பின் புச்சிடாவும் ஒக்குமியாவும் எழுதிய நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1942 யூன் 4ம் திகதி தொடங்கிய உண்மைச் சமரில் அக்காகி, காகா, சோர்யூ, ஹிர்யூ ஆகிய நான்கும் அழிந்தன. அவற்றுள் எதுவும் மீண்டும் மிதக்கவில்லை.

இந்தக் கதை அகந்தைக்கு உவமையாக அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் அதை அவ்வளவு இலகுவாக முடித்துவிட முடியாது. உண்மைச் சமரில், மிட்வேத் தீவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் எவையும் அந்த விமானந்தாங்கிகளில் ஒரு குண்டைக்கூடப் போடவில்லை. நான்கையும் அழித்தவை அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த விமானங்கள். அப்படிப் பார்த்தால், தாயக்கட்டை விடயத்தில் உகாகியின் கணிப்பு சரியானதே. பிழை வேறிடத்தில் இருந்தது. மிட்வே தாக்கப்பட்ட பின்னரே அமெரிக்க விமானந்தாங்கிகள் வெளியே வரும் என்பது திட்டத்தின் எடுகோள். அவை முன்கூட்டியே வந்து பக்கவாட்டில் காத்திருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அந்த அறையிலேயே எழுப்பப்பட்டது. தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்தது. ஆக, தாயக்கட்டை விழுமுன்னரே, ஆட்டத்தின் ஆரம்ப நிலையை எழுதியபோதே, மிட்வே தோற்கப்பட்டிருந்தது.

அந்த ஆரம்ப நிலையைப் பற்றியதே இக்கட்டுரை. ஆங்கிலத்தில் அதைச் 'சினாரியோ' என்பார்கள். நாடக மேடையிலிருந்து யுத்த மேசைக்கு வந்த சொல். இங்கு அதைக் 'களவரைவு' என்று அழைத்துக்கொள்வோம். யுத்த விளையாட்டின் விதிகள் ஒரு பீரங்கி எவ்வளவு தூரம் சுடும், ஒரு றேடார் எதைக் காணும் என்பனவற்றைச் சொல்கின்றன. களவரைவோ யார் யாருக்கு எதிரி, யாரிடம் எத்தனை, எந்தத் தரப்பு எதை அறியும், எது வெற்றி என்பனவற்றைச் சொல்கிறது. விதிகளில் பிழை இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். களவரைவில் உள்ள பிழையைக் காண்பது கடினம். ஏனெனில் அதை எழுதியவரின் உலகப் பார்வையே அங்கு விதியாக அமர்ந்திருக்கிறது.

கடல் யுத்த விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரெட் ஜேன் என்ற பிரித்தானியர் தனது கடற்போர் விளையாட்டை 1898ல் வெளியிட்டார். இன்றும் கடற்படைகள் புரட்டும் போர்க்கப்பல் பட்டியலான அவரது ஆண்டுநூல் அதே ஆண்டில், அந்த விளையாட்டின் துணைநூலாகவே பிறந்தது. அமெரிக்காவின் நியூபோர்ட் கடற்படைக் கல்லூரி 1880களின் இறுதியிலிருந்து இத்தகைய ஆட்டங்களை நடத்திவந்தது. இரு உலக யுத்தங்களுக்கும் இடையில், யப்பானை எதிரியாக வைத்து நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் அங்கு ஆடப்பட்டன. பசிபிக் யுத்தத்தில் தற்கொலை விமானங்களைத் தவிர வேறெதுவும் தங்களுக்கு வியப்பளிக்கவில்லை என்று அட்மிரல் நிமிட்ஸ் பின்னாளில் கூறியது இதனாற்தான். அவர் கூறிய அந்த விதிவிலக்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரியின் கப்பல்களையும் தூரங்களையும் துல்லியமாக எழுதியவர்களுக்கு, அந்த எதிரி எவ்வளவுக்குத் துணிவான் என்பதை எழுத முடியவில்லை.

நன்றாக எழுதப்பட்ட களவரைவுக்கும் உதாரணம் உண்டு. 1942 ஜனவரியில் லிவர்பூலில் கில்பேர்ட் றொபேர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரியிடம் ஒரு தளம் ஒப்படைக்கப்பட்டது. அட்லாண்டிக்கில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல் தொடரணிகளை எவ்வாறு அழிக்கின்றன என்பதை அறிவதே பணி. பெரும்பாலும் இளம்பெண்களான மகளிர் கடற்படைப் பிரிவினர் அவருடன் வேலை செய்தனர். தரையில் சோக்கட்டியால் கோடு கீறி, கப்பல்களை நகர்த்தினார்கள். காவற்கப்பல் தளபதிகளாக ஆடியவர்கள் திரைக்குப் பின்னால் நிறுத்தப்பட்டனர். திரையில் வெட்டிய சிறு துவாரத்தினூடாக, கடலில் தமக்குத் தெரியக்கூடிய அளவு மட்டுமே அவர்களுக்குத் தெரிந்தது. நடந்த தாக்குதல்களின் அறிக்கைகளையே களவரைவாக எடுத்து ஆடிப் பார்த்தபோதுதான், நீர்மூழ்கிகள் தொடரணிக்கு வெளியே நின்று சுடவில்லை, பின்புறமாக உள்ளே நுழைந்து கப்பல்களின் நடுவிலிருந்தே சுடுகின்றன என்பது புலப்பட்டது. அதற்கேற்ற எதிர் உத்திகள் அங்கிருந்து கடலுக்குச் சென்றன. ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அத்தளத்தில் பயின்றார்கள். தானும் ஒரு பழைய நீர்மூழ்கித் தளபதியான அட்மிரல் மக்ஸ் ஹோட்டன் அங்கு நீர்மூழ்கியாக ஆடி, ஓர் இளம்பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றதாகச் சொல்லப்படுகிறது. அவர் தாயக்கட்டையை மாற்றச் சொல்லவில்லை.

லிவர்பூலுக்கும் யமாட்டோவுக்கும் உள்ள வேறுபாடு திறமையல்ல. ஒன்று கேள்வியுடன் தொடங்கியது. மற்றது பதிலுடன் தொடங்கியது.

ஏவுகணை யுகத்தில் களவரைவின் பாரம் இன்னும் கூடியது. அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய லறி பொண்ட் 1980ல் வெளியிட்ட ஹார்ப்பூன் என்ற விளையாட்டு, நவீன கடல் வான் சமரை மேசைக்குக் கொண்டுவந்தது. 1986ல் வெளிவந்த ரொம் கிளான்சியின் யுத்த நாவல் ஒன்றில் வரும் விமானந்தாங்கித் தாக்குதல், இவ்விளையாட்டில் ஆடிப்பார்த்தே எழுதப்பட்டது. பழைய பீரங்கிச் சமரில் பிழை விட்டவருக்குத் திருத்த நேரம் இருந்தது. இங்கு முதலில் கண்டவர், முதலில் சுட்டவர் என்பதிலேயே பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. ஆகவே யார் முதலில் காண்பார் என்பதை எழுதுபவரே பாதி முடிவையும் எழுதிவிடுகிறார்.

1982ன் போக்லண்ட் யுத்தத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்ஜென்டீனாவிடம் விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசே ஏவுகணைகள் ஐந்துதான் இருந்தன. மே 4ம் திகதி அவற்றில் ஒன்று ஷெபீல்ட் கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தனர். ஆறு நாட்களில் அது கடலில் தாழ்ந்தது. மே 25ல் அட்லாண்டிக் கொன்வேயர் தாக்கப்பட்டபோது, பிரித்தானியப் படை நம்பியிருந்த உலங்குவானூர்திகளிற் பல அதனோடு எரிந்தன. ஐந்து ஏவுகணைகள் செய்த வேலை இது. இதே யுத்தத்தை மேசையில் வைப்பவர் 'ஐந்து' என்ற இடத்தில் 'பதினைந்து' என்று எழுதினால், வேறொரு யுத்தம் கிடைக்கும். மேலதிக ஏவுகணைகள் ஆர்ஜென்டீனாவின் கைக்குப் போகாமல் தடுக்கப் பிரித்தானியா பாடுபட்டதும் இதனாற்தான். ஒரு கோணத்தில், அது களவரைவின் ஓர் எண்ணுக்கான போராட்டம்.

எழுதப்படும் எண்களைப் போலவே எழுதப்படாதவையும் முக்கியமானவை. மேசையில் சிவப்புத் தரப்பு உண்டு, நீலத் தரப்பு உண்டு. இரண்டுமல்லாதவர்கள் எங்கே? மீன்பிடி வள்ளமும் பயணிகள் விமானமும் எங்கே? நல்ல களவரைவாளர்கள் இவற்றையும் வைப்பார்கள். பிழையாகச் சுட்டால் புள்ளி குறைப்பார்கள். ஆனால் அவை ஆட்டத்தைத் தாமதப்படுத்தும். ஆகவே முதலில் நீக்கப்படுபவையும் அவைதான்.

1987 மே 17ல் பாரசீகக் குடாவில், ஈராக்கிய விமானம் ஒன்று ஏவிய எக்ஸோசேக்கள் ஸ்ராக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைத் தாக்கி 37 பேரைக் கொன்றன. அதன்பின் அக்கடலில் நின்ற ஒவ்வொரு தளபதியின் மனதிலும் ஒரு களவரைவு குடியேறியது: நெருங்கும் விமானம், தாமதிக்கும் தளபதி, எரியும் கப்பல். 1988 யூலை 3ம் திகதி, ஈரானியப் படகுகளுடன் மோதிக்கொண்டிருந்த வின்சென்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல், பந்தர் அப்பாஸிலிருந்து டுபாய்க்குப் புறப்பட்ட ஈரானியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 66 குழந்தைகள் உட்பட 290 பேர் இறந்தார்கள். அந்நாளின் அதிநவீன கணனிப் பொறி அக்கப்பலில் இருந்தது. விமானம் மேலெழுகிறது என்பதை அப்பொறி சரியாகவே பதிந்திருந்தது. பொறிக்கு முன்னால் இருந்தவர்களோ அது கீழிறங்கி வருகிறது என்று அறிவித்தார்கள். அருகே நின்ற இன்னொரு அமெரிக்கக் கப்பலின் தளபதி அதே விமானத்தை ஆபத்தற்றதென்றே கணித்திருந்தார்.

அமெரிக்கக் கடற்படையின் விசாரணை அறிக்கை இதற்கு ஒரு விளக்கம் தேடியது. முன்கூட்டியே மனதில் வரைந்துகொண்ட களவரைவுக்குப் பொருந்தும்படி, கண்முன் வந்த தரவுகளை அறியாமலே திரித்துக்கொண்டார்கள் என்பது அதன் சாரம். களவரைவை நிறைவு செய்தல் என்ற பொருளில் ஒரு பதத்தையே அது கையாண்டது. மனித உளவியலாக இது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த விளக்கம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த மனங்களில் அக்களவரைவை எழுதியது யார்? பயணிகள் விமானம் ஒன்று அன்றாடம் கடக்கும் கடலில், பயணிகளே இல்லாத ஆட்டத்தைப் பயின்றுவந்தவர்கள் வேறு எதைக் கண்டிருப்பார்கள்?

2002ல் யமாட்டோவின் காட்சி மீண்டும் அரங்கேறியது. ஏறத்தாழ 250 மில்லியன் டொலர் செலவில், 13,500 பேர் பங்குபற்றிய அமெரிக்க இராணுவ ஒத்திகை ஒன்றில், எதிரியாக ஆடியவர் ஓய்வுபெற்ற ஜெனரல் போல் வான் றைப்பர். ஒட்டுக்கேட்கப்படும் என்பதால் அவர் வானொலியைத் தவிர்த்தார். மோட்டார் சைக்கிளில் தூதர்களை அனுப்பினார். பின்னர் ஏவுகணைகளும் சிறு படகுகளுமாக ஒரே நேரத்தில் தாக்கி, விமானந்தாங்கி உட்பட 16 கப்பல்களைக் கணனிக் கடலில் மூழ்கடித்தார். கப்பல்கள் மீண்டும் மிதக்க விடப்பட்டன.

இதிலும் நியாயமாகப் பேசவேண்டும். ஒத்திகைக்காக ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கையில், முதற்கட்டத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிட முடியாது என்ற நடத்துநர்களின் வாதத்தில் பொருளுண்டு. கப்பலை மிதக்கவிட்டு இன்னொருமுறை ஆடிப்பார்ப்பது குற்றமல்ல. அடுத்து நடந்ததுதான் குற்றம். எதிரி தனது றேடார்களை இயக்கி அழிய இடம்கொடுக்கவேண்டும், சில ஆயுதங்களைப் பாவிக்கக்கூடாது என்று எதிரிக்கே கட்டளைகள் வந்தன. வான் றைப்பர் தனது பொறுப்பிலிருந்து விலகினார். தோல்வியை மீண்டும் ஆடுவது கல்வி. தோல்வியை அழித்து எழுதுவது பிரச்சாரம்.

இதை வாசித்து, வல்லரசுகளின் மடமை என்று நாம் சிரித்துவிட்டுப் போகலாம். அந்த உரிமை எமக்கு உண்டா என்பதே என் சந்தேகம். 2009ன் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. இறுதியில் முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 290,000 பேர். உணவும் மருந்தும் எந்த எண்ணின்படி அனுப்பப்படும் என்பதை எண்ணிப் பார்த்தால், அது வெறும் கணக்குப் பிழையல்ல என்பது விளங்கும். வரைபடத்தில் இல்லாத மனிதர்களுக்கு எவரும் பதில் சொல்லவேண்டியதில்லை. அது கொழும்பின் களவரைவு.

அதே மாதங்களில் எமது புலம்பெயர் பத்திரிகைகளின் இராணுவ ஆய்வுப் பத்திகளிலும் வரைபடங்கள் இருந்தன. அம்புக்குறிகள் இருந்தன. இழந்த ஒவ்வோர் ஊரும் தந்திரோபாயப் பின்வாங்கலாயிற்று. மூழ்கிய ஒவ்வொரு கப்பலையும் அடுத்த வாரப் பத்தி மிதக்கவிட்டது. ஐயம் எழுப்பியவர் எந்தத் தரப்பு என்று கேட்கப்பட்டது. அந்த அம்புக்குறிகளுக்கு இடையிலும் அதே மக்கள் இல்லை. இரு களவரைவுகளின் குற்றங்களும் சமமென்று நான் சொல்லவில்லை. குண்டு போட்டவனும் பத்தி எழுதியவனும் ஒன்றல்ல. ஆனால் எங்கள் மேசையில் நடுவர் யாராக இருந்தார் என்று கேட்கும் கடமையை வேறு எவரும் எமக்காகச் செய்யப்போவதில்லை.

2023 ஜனவரியில் வாஷிங்டன் ஆய்வு நிறுவனம் ஒன்று, தாய்வான்மீதான சீனப் படையெடுப்பை 24 முறை ஆடிப்பார்த்த அறிக்கையை வெளியிட்டது. அதன் முடிவுகளோடு உடன்படாதவர்கள் பலர் உள்ளனர். எனினும் அது தனது எடுகோள்களை வரிசையாக எழுதிவைத்து, அவற்றை மாற்றி மாற்றி ஆடி, எது மாறினால் எது மாறும் என்று காட்டியது. மறுப்பவர் எந்த வரியை மறுப்பது என்று அறிவார். அந்த முறையை எந்த மேசைக்கும் எடுத்துச் செல்லலாம்.

கடந்துபோன யுத்தத்தைப் பற்றி நாம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்னும் எழுதவும் வேண்டும். அப்படி எழுதும் ஒவ்வொருவரும் தனது வரைபடத்தின் ஓரத்தில் மூன்று விடயங்களைக் குறித்துவைத்தால் போதும்: நான் எதை முன்கூட்டியே உண்மையென்று எடுத்துக்கொண்டேன், யாரை வரைபடத்தில் வைக்கவில்லை, எந்த முடிவைக் கண்டால் நான் தோல்வியென்று ஒப்புக்கொள்வேன். மூன்றாவதற்குப் பதில் எழுத முடியாதவர், எந்தத் தரப்பில் நின்றாலும், காகாவைத்தான் மிதக்கவிட்டுக்கொண்டிருக்கிறார்.