பேட்ஜை நம்பலாமா? ஜப்பானிய 'ஸ்டென்சில்' டிரம்களின் கதை

வைட்ஹால், மெஜஸ்டிக், கொரோனெட், அப்பல்லோ, டொரியடோர், ரெவியர்... இந்தப் பெயர்களைப் படித்தால் ஏதோ லண்டன் ஓட்டல்களின் பட்டியல் மாதிரி இருக்கிறது, இல்லையா? உண்மையில் இவை 1960களில் அமெரிக்கக் கடைகளில் விற்ற மலிவு விலை டிரம் செட்களின் பெயர்கள். செய்யப்பட்டது ஜப்பானில். ஆனால் செய்தவர் பெயர் டிரம்மில் எங்கேயும் இருக்காது.

அப்படியானால் செய்தது யார்? பழைய டிரம் சேகரிப்பவர்கள் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் எதைச் சான்றாக ஏற்கலாம், எதை ஏற்கக்கூடாது என்று யோசிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஸ்டென்சில் என்றால் என்ன?

அட்டையில் எழுத்துகளை வெட்டி எடுத்து, அதன்மேல் பெயின்ட் அடித்தால் கீழே பெயர் விழும். லாரியின் பின்பக்கத்தில் எழுதுவது இப்படித்தான். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் பியானோ வியாபாரிகள் இதே வேலையைச் செய்தார்கள். யாரோ ஒருவர் செய்த பியானோவை வாங்கி, தங்கள் கடைப் பெயரையோ கற்பனைப் பெயரையோ அதில் பதித்து விற்றார்கள். அதற்கு 'ஸ்டென்சில் பியானோ' என்று பெயர் வந்தது. பிறகு வேறு வாத்தியங்களுக்கும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டது.

இதில் மோசடி எதுவும் இல்லை. திருப்பூரில் தைத்த பனியன் வெளிநாட்டு கம்பெனி பெயரோடு வெளிநாட்டுக் கடையில் தொங்குகிறதே, அதே ஏற்பாடுதான்.

ஏன் ஜப்பான்?

1964 பிப்ரவரி 9. அமெரிக்காவின் 'எட் சல்லிவன் ஷோ'வில் பீட்டில்ஸ் வாசிக்கிறார்கள். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் டி.வி.யில் பார்க்கிறார்கள். ரிங்கோ ஸ்டாருக்கு முன்னால் இருந்த பெரிய டிரம்மில் 'லட்விக்' என்ற பெயர் பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் பையன்கள் எல்லோருக்கும் டிரம் செட் வேண்டும்!

லட்விக், ஸ்லிங்கர்லாந்து, கிரெட்ச், ராஜர்ஸ் ஆகியவைதான் அன்றைய பெரிய அமெரிக்கப் பெயர்கள். எல்லாம் பள்ளிக்கூடப் பையனுக்கு எட்டாத விலை. அந்த இடைவெளியில் நுழைந்தவைதான் ஜப்பானிய டிரம்கள். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதம் நிலையாக இருந்தது. ஜப்பானில் கூலியும் குறைவு. அமெரிக்க இறக்குமதியாளர் தனக்குப் பிடித்த பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பெயர் பொறித்த பேட்ஜோடு டிரம் செட் கப்பலேறி வந்துவிடும். 'மேட் இன் ஜப்பான்' என்றால் மட்டமான சரக்கு என்று பலர் நினைத்த காலம் அது. அதனால்தான் ஆங்கில வாசனையோடு அத்தனை பெயர்கள்.

தெரிந்த இரண்டு பெயர்கள்

கட்சுமி யானகிசாவா என்பவர் 1946இல் டோக்கியோவில் இசைக் குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்டுகள் செய்ய ஆரம்பித்தார். 1950இல் டிரம் பக்கம் திரும்பினார். அப்போதே கம்பெனிக்கு 'பேர்ல்' என்ற பெயரும் வந்தது. 1961இல் சிபா பகுதியில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. கவனியுங்கள், இது பீட்டில்ஸ் அலைக்கு மூன்று வருடம் முன்பே. அங்கிருந்து 30க்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களின் பெயர்களில் டிரம் செட்கள் போயின. நான் ஆரம்பத்தில் சொன்ன பெயர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உள்ளவைதான். மேக்ஸ்வின், சி.பி.-700, லைரா ஆகியவையும் உண்டு. 1966இல்தான் 'பிரசிடென்ட்' என்ற தன் முதல் உயர்தர செட்டை பேர்ல் கொண்டுவந்தது.

இன்னொன்று ஹோஷினோ. 1908இல் நகோயாவில் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தொடங்கியது. இபனெஸ் கிதார் இவர்களுடையதுதான். 1965 முதல் 'ஸ்டார்' என்ற பெயரில் டிரம் செய்தார்கள். 1974இல் அது 'டாமா' ஆனது.

கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் டிரம் ஜப்பானியதா என்று பார்க்க வேண்டும். இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் சொல்கிறது. அதனால் பேட்ஜிலோ ஸ்டிக்கரிலோ 'ஜப்பான்' என்று இருக்கலாம். ஆனால் ஸ்டிக்கர் உதிர்ந்துவிடும். பெயரை வைத்து முடிவு செய்வதும் ஆபத்து. உதாரணத்துக்கு 'கென்ட்' என்ற பெயரில் விற்ற ஜப்பானிய கிதார்கள் உண்டு. ஆனால் கென்ட் டிரம்கள் நியூயார்க் மாநிலத்தில் செய்யப்பட்ட அமெரிக்கச் சரக்கு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்து, தோலைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். இந்த டிரம்களில் பெரும்பாலானவற்றின் உடல் 'லவான்' மரத்தாலான மெல்லிய பிளைவுட். பிலிப்பைன்ஸ் காடுகளில் வெட்டிய லவான் மரங்களை அன்று ஜப்பான் ஏராளமாக இறக்குமதி செய்து, பிளைவுட் ஆக்கி ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. கதவுக்குப் போன அதே மரம் டிரம்முக்கும் போனது. (நம் குங்கிலியம் தரும் மரத்துக்கு லவான் நெருங்கிய உறவு என்பது உபரித் தகவல்.) உள்பக்கத்தில் மேலும் கீழும் ஒட்டிய மர வளையங்கள் இருக்கும். வளையத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. அந்தக் கால லட்விக்கிலும் வளையம் உண்டு. பார்க்க வேண்டியது மரத்தை.

மூன்றாவது உலோகப் பாகங்கள். தோலை இறுக்கும் திருகுகள் போய்ச் சேரும் கட்டைகளை 'லக்' என்பார்கள். அவற்றின் வடிவம், பேஸ் டிரம் நகராமல் இருக்க ஊன்றும் கால்கள், ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகளை ஏற்றி இறக்கும் விசை, டாம்களைத் தாங்கும் பிடி என்று எல்லாவற்றையும், செய்தவர் யார் என்று உறுதியாகத் தெரிந்த டிரம்களோடு ஒப்பிட வேண்டும். அதாவது பேர்ல், ஸ்டார் என்று சொந்தப் பெயரிலேயே விற்றவற்றோடும், அவர்களுடைய பழைய கேட்டலாக் படங்களோடும். கூடவே உடலில் உள்ள துளைகளையும் பார்க்க வேண்டும். பயன்படாத துளை இருந்தால் பாகம் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மாற்றிய பாகம் சாட்சி சொல்லாது.

பேட்ஜ் கடைசியில்தான். ஏனென்றால் அது சொல்வது விற்றவரைப் பற்றி, செய்தவரைப் பற்றி அல்ல.

எங்கே தவறு நடக்கிறது?

'பேர்ல் அப்பல்லோ டிரம்களைச் செய்தது' என்பது ஒரு செய்தி. 'எல்லா அப்பல்லோ டிரம்களையும் பேர்ல்தான் செய்தது' என்பது முற்றிலும் வேறு செய்தி. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. பெயர் இறக்குமதியாளருடையது. இந்த வருடம் ஒரு தொழிற்சாலையில் வாங்கியவர், அடுத்த வருடம் வேறு இடத்தில் மலிவாகக் கிடைத்தால் அங்கே போகலாம். பெயர் மட்டும் அவரோடு கூடவே போகும். ஆகவே 'இந்த பிராண்டைச் செய்தது யார்?' என்ற கேள்வியே பாதி தவறு. 'என் முன்னால் இருக்கும் இந்த டிரம்மைச் செய்தது யார்?' என்றுதான் கேட்க வேண்டும்.

லக் ஒத்துப்போனாலும் அவசரப்படக்கூடாது. அன்றைய ஜப்பானியத் தொழில் சின்னச் சின்னத் துணைப் பட்டறைகளை நம்பியிருந்தது. ஒரே பட்டறை இரண்டு கம்பெனிகளுக்கு லக் வார்த்துக் கொடுத்திருக்கலாம். அப்போது ஒரே மாதிரி லக் என்பது லக் செய்தவரை மட்டும்தான் காட்டும். மரம், லக், கால், விசை என்று ஒன்றையொன்று சாராத நாலைந்து சான்றுகள் ஒரே பக்கம் கை காட்டினால்தான் பெயர் சொல்லலாம்.

விற்பவர்களுக்கு இந்தப் பொறுமை கிடையாது. 'பேர்ல் செய்தது' என்று ஒரு வரி போட்டால் விலை ஏறும். அந்த வரியை அடுத்தவர் காப்பி அடிப்பார். பத்து இடத்தில் வந்ததும் அது வரலாறு ஆகிவிடும். பத்துப் பேர் சொன்னாலும் மூலம் ஒன்றுதான் என்பதை யாரும் பார்ப்பதில்லை.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது விலை அல்ல. பேர்லும் டாமாவும் பிழைத்து, வளர்ந்து, உலகப் பெயர்கள் ஆகிவிட்டன. அவர்களுடைய வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. மூடிப்போன பட்டறைகளுக்கு கேட்டலாக்கும் இல்லை, வரலாறு எழுத ஆளும் இல்லை. அடையாளம் தெரியாத ஒவ்வொரு டிரம்மையும் பேர்ல் கணக்கில் எழுதினால், ஒருமுறை இறக்குமதியாளர் மறைத்த பெயரை இரண்டாவது முறை நாமே அழிக்கிறோம். அதனால்தான் நல்ல சேகரிப்பாளர்கள் பல டிரம்களுக்கு 'ஜப்பான், 1960கள், செய்தவர் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மூன்றாவது இடம் காலியாக இருந்தால்தான், நாளைக்கு ஒரு பழைய ரசீதோ கேட்டலாக்கோ கிடைக்கும்போது சரியான பெயரை அங்கே எழுத முடியும்.