பசி மாதத்துப் பிள்ளைகள்

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஆற்றின் இரண்டு கரையையும் ஒட்டி நீளமாகக் கிடக்கும் சின்ன நாடு காம்பியா. மூன்று பக்கமும் செனகல், நாலாவது பக்கம் கடல். அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்திய பிறகு, 1816இல் வெள்ளைக்காரன் ஆற்று முகத்தில் பாதர்ஸ்ட் நகரத்தைக் கட்டினான். இன்று அதற்குப் பான்ஜுல் என்று பெயர். மனிதர்களை ஏற்றிப்போன ஆற்றில் ஏற்றுவதற்கு வேறு சரக்கு வேண்டியிருந்தது. வேர்க்கடலை கிடைத்தது. நம்ம மல்லாட்டைதான். ஐரோப்பாவின் எண்ணெய்க்கும் சோப்புக்கும் அது போனது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நாட்டின் ஏற்றுமதி என்றால் கடலை என்று ஆகிவிட்டது. (தென்னார்க்காட்டுக் கடலையும் புதுச்சேரி வழியாக மார்செய் ஆலைகளுக்குக் கப்பலேறியதுதான். பறித்தவர்கள் யார், விற்றவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.)

ஆம்பளைகளின் உழைப்பு பெரும்பாலும் கடலைக்குப் போனது. ஆற்றோரச் சேற்றில் நெல் நட்டவர்கள் பெண்கள். ஜூனில் மழை பிடித்தால் அக்டோபர் வரை பெய்யும். போன வருசத்துத் தானியம் காலியாவதும், வருசத்திலேயே கடுமையான வேலை வருவதும், கொசுவும் காய்ச்சலும் கிளம்புவதும் அந்த மாதங்களில்தான். பசி மாதம் என்றால் அதுதான். நிறைமாதப் பிள்ளைத்தாச்சியும் வயலில் குனிந்துதான் நிற்க வேண்டும். எடை ஏற வேண்டிய நேரத்தில் ஏறாது. சிலருக்கு இறங்கவும் செய்யும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத சங்கதி அல்ல. ஆனால் அந்தப் பசி, வயிற்றில் கிடந்த பிள்ளையை இருபது வருசம் கழித்துத் தேடி வரும் என்பது 1997 வரை தெரியாது.

தெரிய வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இயான் மக்கிரிகர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1949இல் கெனெபா என்ற கிராமத்துக்கு வந்தார். மலேரியாவையும் மற்ற ஒட்டுண்ணி நோய்களையும் ஆராய்வது அவர் வேலை. கெனெபாவிலும் பக்கத்தில் இருந்த மண்டுவார், காந்தொங் குந்தா கிராமங்களிலும் யார் எப்போது பிறந்தார்கள், யார் எப்போது செத்தார்கள் என்று எழுதிவைக்கத் தொடங்கினார். அந்தப் பதிவு நிற்காமல் தொடர்ந்தது. அன்றைக்கு அந்த ஊர்களில் பிறந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதி, ஐந்து வயதைப் பார்க்காமல் போனார்கள்.

ஏழைக்குப் பிறந்த மாதம் இருப்பது சாதாரண விசயம் இல்லை. நம்ம வீடுகளில் அந்தத் தலைமுறைக்குப் பாதிப்பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. நிஜமாக எப்பப் பொறந்த என்று கேட்டால் அம்மா, நடவு நேரம், இல்லன்னா களை எடுக்கிற நேரம் என்பார்கள். அதை எந்த ரிஜிஸ்தரும் எழுதிக்கொள்ளவில்லை. காலனியாட்சிக் காலத்து நோட்டுதான் கெனெபாக்காரர்களுக்கு அந்தக் கணக்கை மிச்சம் வைத்தது. வேடிக்கைதான்.

சோஃபி மூர், ஆண்ட்ரூ பிரென்டிஸ் முதலானோர் அந்த நோட்டுகளைப் பிறந்த மாதப்படி பிரித்தார்கள். மூவாயிரம் பேருக்கு மேல் கணக்கில் வந்தார்கள். முடிவு 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. குழந்தைப் பருவத்துச் சாவில், பசிக் காலமான ஜூலை முதல் டிசம்பர் வரை பிறந்தவர்களுக்கும் அறுவடைக்குப் பின் பிறந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பதினைந்து வயதைத் தாண்டியதும் கோடுகள் பிரிகின்றன. பசிக் காலத்தில் பிறந்தவர்கள் சுமார் நாலு மடங்கு செத்தார்கள். இருபத்தைந்துக்கு மேல் பத்து மடங்கு. காரணம் தெரிந்த சாவுகளில் பெரும்பகுதி தொற்றுநோய். வாலிபத்தில், கலியாணம் ஆகிப் பிள்ளை குட்டி இருக்கிற வயசில் போனவர்கள் இவர்கள்.

உடம்புக்குள் என்ன நடந்தது? மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. கிருமியோடு மல்லுக்கட்டும் ‘டி’ அணுக்கள் பக்குவப்படும் இடம். அது வளர்வது முக்கியமாக வயிற்றுக்குள்தான். பருவ வயதுக்கு மேல் சுருங்கிவிடும். சிறுவயதில் சேர்த்துவைத்ததை வைத்துத்தான் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். கெனெபாவில் எட்டு வாரக் குழந்தைகளை ஸ்கேன் செய்து பார்த்தபோது பசி மாதங்களில் தைமஸ் சிறுத்திருந்தது. தைமஸை ஊட்டும் ஒரு பொருள் அந்த மாதங்களில் தாய்ப்பாலிலும் குறைந்திருந்தது. முதல் சேமிப்பே குறைச்சல் என்றால் அது தீரும் வயதில்தான் குறை தெரியும். இது விளக்கம்தான், இன்னும் முழுசாக நிரூபணம் ஆகவில்லை. வங்கதேசத்தின் மட்லப் பகுதியிலும் செனகலின் நியாகரிலும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது பிறந்த பருவத்துக்கும் வாலிபச் சாவுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. கெனெபாவில் கண்டதை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்த முடியாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. இப்படி ஒரு ஆராய்ச்சி வந்த உடனே விரல் தாய்மாரை நோக்கி நீள்கிறது. கர்ப்பிணி சத்தாகச் சாப்பிட வேண்டும் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். எதைச் சாப்பிடுவாள்? காலியான குதிரைக் காட்டி அறிவுரை சொல்வதா? சேரிக்காரன் உடம்பு தாங்காது, சுத்தமில்லை, குடி என்று நம் சாவுகளுக்குக் காரணம் சொல்லிப் பழகிய வாய்கள், இப்போது அம்மா சரியாகத் தின்னவில்லை என்றும் சேர்த்துக்கொள்ளும்.

சாப்பாடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் அதே மாவட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். 1989 முதல் 1994 வரை 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதவாக்கிலிருந்து தினமும் பிஸ்கட் கொடுத்தார்கள். வறுத்த கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் சேர்த்து அங்கேயே சுட்டது. அதில் தினம் சுமார் ஆயிரம் கலோரி கிடைத்தது. பிறந்த குழந்தையின் எடை சராசரியாக 136 கிராம் கூடியது, பசி மாதங்களில் 201 கிராம். செத்துப் பிறப்பதும் குறைந்தது, முதல் வாரத்துச் சாவும் குறைந்தது. அந்த பிஸ்கட்டில் வளர்ந்து பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. பழைய நோட்டில் கோடுகள் அகன்று பிரிந்த வயது அது.