தூதும் அமைச்சும்: சர்தார் கே. எம். பணிக்கர்

திருக்குறளில் அமைச்சினைச் சார்ந்து நிற்கும் பத்து அதிகாரங்களுள் ஆறாவது தூது. வேற்று வேந்தரிடம் செல்பவனது தன்மை அமைச்சனது தன்மையோடு ஒருங்கு வைக்கப்பட்டமைக்குப் பரிமேலழகர் காரணம் காட்டுகின்றார். தூதர் இருவகையர். கருத்தினைத் தாமே வகுத்துக் கூறுவார் ஒரு வகையினர். தம் அரசன் கூறியதனைச் சென்று கூறுவார் மற்றொரு வகையினர். முன்னவர் அமைச்சரோடு ஒப்பர். பின்னவர் அவரினும் காற்கூறு குணம் குறைந்தவர். ஆகலின் இருவரும் அமைச்சினுள் அடங்குவர் என்பது அவர் கொண்ட முடிபு. கௌடிலியரது நூலிலும் இவ்வேறுபாடு உண்டு. அந்நூல் ஓலை கொண்டு செல்வாரை மூன்றாம் வகையாக வைக்கும்.

கூறியது கூறல் வகுத்துக் கூறலினும் எளிது. ஆகவே அது தாழ்ந்தது என்னும் எண்ணம் இப்பகுப்பின் அடியில் உள்ளது. இஃது எக்காலத்தும் பொருந்துமா? அமைச்சராய் இருந்து தூதரான ஒருவர், ஒருநாள் இரவு, கேட்டதனைக் கேட்டவாறே கூற வேண்டியவரானார். அவ்வொரு செயலே அவர் வாழ்வில் மிகப் பெரிய செயலாய் முடிந்தது. அதுவே ஏற்கப்படாமலும் போயிற்று. அவர் சர்தார் கே. எம். பணிக்கர். அவரது பணி வரலாற்றை இவ்வொரு நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

காவாலம் மாதவப் பணிக்கர் 1895ஆம் ஆண்டு திருவிதாங்கூரில் குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்தவர். ஆக்சுபோர்டில் வரலாறு பயின்றார். அலிகாரில் ஆசிரியராய் இருந்தார். சென்னையில் 'சுவராஜ்யா' நாளிதழிலும், பின்னர்த் தில்லியில் 1924இல் தோன்றிய 'இந்துஸ்தான் டைம்ஸ்' நாளிதழிலும் ஆசிரியப் பொறுப்பேற்றார். மலையாளத்தில் கவிதையும் நாடகமும் புதினமும் எழுதினார். பழசி அரசரைப் பற்றிய 'கேரள சிம்மம்' அவரது புதினங்களுள் பெயர் பெற்றது. ஆங்கிலத்தில் அவர் எழுதிய வரலாற்று நூல்களுள் போர்த்துகேசியர் மலபாரில் நிகழ்த்தியவற்றை ஆராயும் நூலும், 1953இல் வெளிவந்த 'ஆசியாவும் மேலை ஆதிக்கமும்' என்னும் நூலும் தலையாயவை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498 முதலாக ஆசியக் கடல்களில் மேலையர் செலுத்திய ஆட்சி ஒரு தனிக் காலப்பகுதி என்றும், அது முடிவெய்திவிட்டது என்றும் பின்னைய நூல் வாதிக்கின்றது. இக்கொள்கையை ஈண்டுக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. எழுதுபவர் தூதராகச் செல்லின், அவர் கொள்கை அவருக்கு முன்னே சென்று நின்றுவிடும்.

அமைச்சுப் பணி அவருக்குச் சுதேச அரசுகளில் வாய்த்தது. மன்னர் அவையின் செயலகத்தில் பணியாற்றி, 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டிற்கு மன்னர் குழுவினருடன் சென்றார். பின்னர்ப் பாட்டியாலாவில் அயலுறவு அமைச்சரானார். அதன்பின் பிகானேருக்குச் சென்று, 1944 முதல் 1947 வரை அவ்வரசின் தலைமை அமைச்சராய் விளங்கினார். அரசியல் நிர்ணய சபையில் சேர்வதா, விலகி நிற்பதா எனப் பல மன்னர் தயங்கிய காலத்தில், 1947 ஏப்ரலிலேயே பிகானேர் அரசு சபையில் இடம்பெற்றது. அதன் பேராளராய் அமர்ந்தவர் பணிக்கரே. மன்னர்களது உரிமைகளைக் காக்க வாதாடிப் பழகிய ஒருவர், அம்மன்னராட்சி கரைந்தொழிதற்கு வழிகோலியவருள் ஒருவரானார். காலம் செல்லும் திசையை முன்னரே உணர்ந்து தம் தலைவரை அதற்கேற்ப நடத்துதல் அமைச்சருக்குரிய பண்பு. அப்பண்பு அவரிடம் மிக்கிருந்தது. அதுவே பின்னர்த் தூதுப் பணியில் அவருக்குத் துணையும் இடையூறுமாயிற்று என்பது எம் கருத்து.

1948 ஏப்ரலில் இந்தியத் தூதராக நான்கிங் நகரை அடைந்தார். ஓராண்டிற்குள் சியாங் கை ஷேக்கின் ஆட்சி அந்நகரை இழந்தது. 1949 அக்டோபர் 1ஆம் நாள் மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள் இந்தியா அதனை ஏற்றது. 1950 மே மாதம் பணிக்கர் பீக்கிங்கில் புதிய ஆட்சியிடம் தம் நியமனச் சான்றை அளித்தார். வீழ்ந்த ஆட்சியையும் எழுந்த ஆட்சியையும் அடுத்தடுத்து ஒரே பதவியில் இருந்து கண்ட இவ்வனுபவத்தையே 'இரு சீனங்களில்' என்னும் பெயரால் 1955இல் நூலாக்கினார்.

ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் மூண்டது. செப்டம்பர் நடுவில் மக்கார்தர் இஞ்சோனில் படையிறக்கிய பின்னர்ப் போரின் போக்கு மாறியது. ஐக்கிய நாடுகளின் படை முப்பத்தெட்டாம் அகலக்கோட்டைக் கடந்து வடக்கே செல்லுமா, சென்றால் சீனம் வாளாவிருக்குமா என்பனவே அப்போது எழுந்த வினாக்கள். அமெரிக்காவுக்குப் பீக்கிங்கில் தூதரகம் இல்லை. ஆகவே சீனத்தின் எண்ணத்தை வாஷிங்டன் பிறர் வாயிலாகவே அறிதல் வேண்டும். அவ்வாயில்களுள் முதன்மையானது இந்தியத் தூதரகம்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் தகாது. செப்டம்பர் மாத நடுப்பகுதியில் பணிக்கர் தில்லிக்கு அனுப்பிய கணிப்பு, உலகப்போர் மூண்டாலன்றிச் சீனம் கொரியாவில் நேரே இறங்காது என்பது. அக்கணிப்பு அமெரிக்கத் தூதர் வழியே வாஷிங்டனையும் எட்டியது. அது யாரும் சொல்லக் கேட்டதன்று. அவர் தாமே வகுத்துக் கூறியது. சின்னாட்களில், செப்டம்பர் 25ஆம் நாள், சீனத் தளபதி நியே ருங்சென் அவரோடு உரையாடுகையில், எல்லை வரை அமெரிக்கர் வருவதைச் சீனம் கைகட்டி நின்று பாராது என்றார். 30ஆம் நாள் தலைமை அமைச்சர் சௌ என் லாய் பொதுமேடையிலும் அக்குறிப்புப்படப் பேசினார். பணிக்கர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். மாற்றிக்கொண்டது அறிவுடைமையே; எனினும் தொலைவில் இருந்து படிப்போர்க்கு அது தடுமாற்றமாகத் தோன்றியிருத்தல் கூடும்.

அக்டோபர் 2ஆம் நாள் நள்ளிரவில் அவர் உறக்கத்தினின்று எழுப்பப்பட்டார். சௌ என் லாய் உடனே காண விரும்புகின்றார் என்று அயலுறவு அமைச்சினின்று ஆள் வந்திருந்தார். நாட்கணக்கில் 3ஆம் நாள் பிறந்து அரைமணி கழிந்தபின் சந்திப்புத் தொடங்கியது. தேநீர் வழங்கி வழக்கமான நயத்தோடு வரவேற்ற தலைமை அமைச்சர், நேரே பொருளுக்கு வந்தார். தென்கொரியர் மட்டும் அக்கோட்டைக் கடப்பின் அது பெரிதன்று. அமெரிக்கர் கடப்பின் சீனம் வாளாவிருக்க இயலாது என்பதே செய்தி. இதன் சீன மூலத்தில் வந்த வினைச்சொல் 'குவான்' என்பது. அச்சொல் மேற்பார்த்தல், பொறுப்பேற்றல், தலையிடுதல் முதலாய பல பொருளுக்கும் இடந்தருவது. படை அனுப்புவோம் என வெளிப்படக் கூறாது, கேட்பார் உணருமாறு கூறிய சொல் அது. சொல்லாராய்ச்சியில் பழகியவர்க்கு இதன் இடர்ப்பாடு நன்கு விளங்கும். பொருள் விரிந்த ஒரு சொல் சீனத்தினின்று ஆங்கிலமாகி, தந்திச் சுருக்கமாகி, தில்லியில் மீண்டும் எடுத்தெழுதப்பட்டு, வாஷிங்டனை அடைதல் வேண்டும். பணிக்கர் அதன் பொருள் போர் என்றே உணர்ந்தார். அன்றிரவே தில்லிக்குத் தந்தி அனுப்பினார். அயலுறவுத் துறையின் தலைமைச் செயலாளர் கிரிஜா சங்கர் பாஜ்பாய் அதனை அமெரிக்கருக்கும் ஆங்கிலேயருக்கும் தெரிவித்தார். ஒரு நாளைக்குள் செய்தி சேர வேண்டிய இடம் சேர்ந்துவிட்டது. கூறியது கூறுவானது கடமை முற்றுப்பெற்றது.

ஆயினும் செய்தி நம்பப்படவில்லை. அதிபர் ட்ரூமன் பின்னர்த் தம் நினைவுக் குறிப்பில், பணிக்கர் முன்னரும் பலமுறை சீனப் பொதுவுடைமையினர்க்கு இயைய நடந்தவர் ஆதலின் அவர் கூற்றை நடுநிலையாளர் கூற்றாகக் கொள்ள இயலவில்லை என்று காரணம் எழுதினார். ஐக்கிய நாடுகள் பேரவையில் வாக்கெடுப்பு நெருங்கிய வேளையாதலின், அதனை அச்சுறுத்தும் சூழ்ச்சியாகவும் அவர்கள் கருதினர். வாஷிங்டன் அதிகாரிகள் பணிக்கர் என்னும் பெயரையே திரித்து, அச்சத்தால் பதறுபவர் எனப் பொருள்படுமாறு எள்ளினர். அக்டோபர் 7ஆம் நாள் பேரவை, கொரியா முழுவதையும் ஒன்றாக்கும் கருத்தமைந்த தீர்மானத்தை 47 வாக்குகளால் ஏற்றது. இந்தியா வாக்களியாது நின்றது. அடுத்த சின்னாட்களில் அமெரிக்கப் படை கோட்டைக் கடந்தது. 15ஆம் நாள் வேக் தீவில் ட்ரூமனைக் கண்ட மக்கார்தர், சீனர் வருதல் அரிது என உறுதி கூறினார். 19ஆம் நாள் சீனப்படை யாலு ஆற்றைக் கடந்தது. போர் ஓய்ந்தது 1953 ஜூலை 27ஆம் நாளில்.

ட்ரூமன் காட்டிய காரணத்தை ஊன்றி நோக்குக. செய்தி பொய் என்று அவர் கூறவில்லை; கொணர்ந்தவரை ஐயுற்றார். வகுத்துக் கூறுவார் எனப் பெயர் பெற்ற ஒருவர் கூறியது கூறும்போதும், உலகம் அதனை அவர் வகுத்ததாகவே கொள்கின்றது. அமைச்சரோடு ஒத்த சிறப்பு, அதனிற் காற்கூறு குறைந்த பணிக்குத் தடையாய் நின்றது. பரிமேலழகர் வைத்த ஏற்றத்தாழ்வு தூதரின் ஆற்றலைக் கருதியது. கேட்போரது நம்பிக்கையைக் கருதின் அவ்வரிசை தலைகீழாதலும் உண்டு. குற்றம் முழுதும் பணிக்கருடையது எனல் பொருந்தாது. கேளாதார் செய்த பிழையே பெரிது. அவர் பெயரை நீக்கிவிட்டு அச்செய்தியை மட்டும் எடைபோட்டிருப்பின், மஞ்சூரியாவில் சீனப்படை குவிந்திருந்ததே அதற்குச் சான்றாய் நின்றிருக்கும்.

ஆயின் ஐயத்திற்கு அவர் இடங்கொடுத்தவர் அல்லர் என்றும் கூறவியலாது. அவ்வக்டோபரிலேயே சீனப்படை திபெத்தினுட் புகுந்தது. நவம்பர் 7ஆம் நாள் வல்லபாய் படேல் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், நம் தூதர் சீனத்தின் செயலுக்கு விளக்கமும் நியாயமும் காண்பதில் மிக முயன்றுள்ளார் என்று குறைப்பட்டார். இக்குறை வாஷிங்டனினின்று வந்ததன்று. பணிக்கரது அரசின் துணைத் தலைமை அமைச்சரிடமிருந்தே வந்தது. ஆசியாவில் மேலையர் காலம் முடிந்தது என்னும் வரலாற்றுக் கொள்கையில் தோய்ந்திருந்த அவர், எழுச்சி பெற்ற சீனத்தின் செயல்களை அக்கொள்கையின் வழியே கண்டார் என யாம் எண்ணுகின்றோம். சீனத்தைப் பொறுத்தவரை அவர் சறுக்கிய இடங்கள் பெரும்பாலும் தாமே வகுத்துரைத்த இடங்கள்.

1952இல் சீனத்தை விட்டு நீங்கி எகிப்துக்குத் தூதரானார். 1953 டிசம்பரில் அமைக்கப்பட்ட மாநிலச் சீரமைப்பு ஆணையத்தில், பசல் அலி தலைமையில், குன்சுருவோடு உறுப்பினராய் அமர்ந்தார். தமிழகத்தார்க்கு அவர் பெயர் மிகுதியும் பழகியது இவ்வகையிலேயே. 1955 செப்டம்பர் 30ஆம் நாள் அளிக்கப்பெற்ற அறிக்கை, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் சேர்தற்கு இசையவில்லை. அவ்விரு வட்டங்களும் கைவிட்டுப் போனமைக்குக் கேரளத்தவரான பணிக்கர் ஆணையத்தில் இருந்ததே காரணம் என்று தமிழர் பலர் கருதினர். ஈண்டும் சொன்னவரைக் கொண்டே சொல் மதிக்கப்பட்டது காண்க. தேவிகுளம், பீர்மேடு பற்றிய முடிபு ஆராய்ச்சிக்குரியது என்பதே எம் நிலை. எனினும் அதன் காரணங்களைத் தனியே எடுத்து மறுக்க வேண்டுமேயன்றி, ஓர் உறுப்பினரது பிறப்பை மட்டும் கொண்டு மறுத்தல் ஆராய்ச்சி நெறியன்று. மேலும், எஞ்சிய நான்கு தென்வட்டங்களும் 1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டமாக நம்மோடு இணைந்ததற்கு அடியாய் இருந்ததும் அவ்வறிக்கையே. அதே அறிக்கையில் பணிக்கர் தனியே எழுதிய குறிப்பு, உத்தரப் பிரதேசம் அளவிற் பெரிதாயிருத்தல் கூட்டாட்சியின் சமநிலைக்கு ஊறு என்றும், அதனைப் பிரித்தல் வேண்டும் என்றும் வாதிட்டது. உடனிருந்த இருவரும் உடன்படாதபோதும் தம் கருத்தை வகுத்துக் கூறாதிருக்க அவரால் இயலவில்லை.

1956 முதல் 1959 வரை பிரான்சில் தூதராய் இருந்தார்; பின்னர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார்; காஷ்மீரப் பல்கலைக்கழகத்திலும் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும் துணைவேந்தர் பொறுப்பேற்றார். மைசூரில் அப்பதவியில் இருக்கையிலேயே 1963 டிசம்பர் 10ஆம் நாள் மறைந்தார். சௌ என் லாய் அன்றிரவு அவரிடம் கூறியதன் சீன மூலம், சௌவின் அயலுறவு உரைத்தொகுதியில் 1990ஆம் ஆண்டில் அச்சாயிற்று. பணிக்கர் தந்தியில் அனுப்பிய பொருளே அதன்கண் உள்ளது.