முகமில்லாதவனுக்குக் கண் காது மூக்கு வைத்தவர்கள்

2009 ஜூன் 10 அன்று ஃப்ளோரிடாவைச் சேர்ந்த எரிக் நட்சன் என்பவர் இரண்டு கறுப்பு-வெள்ளைப் படங்களை இணையத்தில் ஏற்றினார். ‘சம்திங் ஆஃபுல்’ என்ற தளத்தில் அப்போது ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணப் புகைப்படம் ஒன்றைப் போட்டோஷாப்பில் திருத்தி, பேயோ ஆவியோ அதில் தற்செயலாக விழுந்துவிட்டதுபோல் காட்ட வேண்டும். நட்சன் பிள்ளைகள் இருக்கும் படங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில் கூட்டமாக நடந்துவரும் பிள்ளைகளுக்குப் பின்னால், மற்றொன்றில் விளையாட்டுத் திடலின் மரத்தடியில், அளவுக்கு மீறிய உயரத்தில் ஓர் ஆள் நிற்கிறான். கறுப்பு கோட்டு, நீண்ட கைகள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளுப்பு.

படத்தோடு நிறுத்தியிருந்தால் அது அந்த வாரமே மறந்துபோயிருக்கும். அவர் கீழே சில வரிகள் சேர்த்தார். ஒரு படம் 1983இல் எடுக்கப்பட்டது, எடுத்தவர் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார். மற்றது 1986இல் ஒரு நூலகம் எரிந்தபோது மீட்கப்பட்டது, அது எடுக்கப்பட்ட அன்று பதினான்கு பிள்ளைகள் காணாமல் போனார்கள். எல்லாம் கற்பனை. ஆனால் அலுவலகக் கோப்பில் நூல் கட்டி வைத்த குறிப்புபோல, உணர்ச்சி காட்டாமல் எழுதிய கற்பனை. பயத்தில் பாதி படத்திலிருந்து வந்தது, பாதி அந்த வறட்டு வரிகளிலிருந்து வந்தது. உருவத்துக்கு அவர் வைத்த பெயர் ஸ்லெண்டர் மேன். ஒல்லி மனிதன்.

பிறந்த அன்று அதைப் பார்த்த எல்லோருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். மேலே விளையாட்டின் விதி இருந்தது, கீழே மற்றவர்களின் பாராட்டு இருந்தது, செய்தவர் அதே இடத்தில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த ஐந்து வருடத்தில் இவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இந்தக் கட்டுரை அந்த உதிர்வைப் பற்றியது. அந்தப் படம் வெளிவந்த அன்று, இக்கதையில் பின்னால் வரப்போகும் மூன்று சிறுமிகளும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

பத்தே நாளில் படம் அசையத் தொடங்கியது. அலபாமாவில் ட்ராய் வாக்னரும் ஜோசப் டிலாஜும் ‘மார்பிள் ஹார்னட்ஸ்’ என்ற தொடரின் முதல் காணொளியை யூடியூபில் போட்டார்கள். மாணவன் ஒருவன் பாதியில் கைவிட்ட திரைப்படத்தின் பழைய டேப்புகள் என்று அது தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. ஆடும் கேமரா, இரைச்சல், ஜன்னலுக்கு வெளியே சட்டென்று அந்த உயரம். கதை என்று எங்கேயும் சொல்லாததுதான் அதன் உத்தி. 2011இல் மைன்கிராஃப்ட் விளையாட்டில் எண்டர்மேன் வந்தது: கறுப்பாக, ஒல்லியாக, கண்ணோடு கண் பார்த்தால் பாய்கிற ஒன்று. ஒல்லி மனிதனின் சாயலில்தான் அதை உருவாக்கினார்கள். 2012இல் மார்க் ஹாட்லி இலவசமாக வெளியிட்ட ‘ஸ்லெண்டர்’ விளையாட்டில் இருட்டுக் காடும் ஒரு டார்ச்சும் மட்டுமே. அங்கங்கே ஒட்டியிருக்கும் எட்டுக் காகிதங்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க அவன் நெருங்கி வருவான். அதை ஆடி அலறுவதைப் பதிவுசெய்து யூடியூபில் போடுவது ஒரு வழக்கமாகவே ஆனது. பெரியவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட பயமுறுத்தல் பத்து வயதுப் பிள்ளைகளின் கைக்கு வந்தது இப்படித்தான்.

இதற்கிடையே ‘கிரீப்பிபாஸ்டா’ தளங்கள் பெருகின. காப்பி-பேஸ்ட் என்பதைத் திரித்துச் செய்த சொல் அது. ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டப்படும் பேய்க்கதை. வெட்டும்போது முதலில் விழுவது எழுதியவர் பெயர். அதைக் குறை என்றும் சொல்ல முடியாது, அந்த வடிவமே அப்படி. யாரோ எழுதியது என்று தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

ஒன்றைக் கூட்டிச் சொல்வதற்குத் தமிழில் ‘கண், காது, மூக்கு வைப்பது’ என்போம். இவற்றில் எதுவுமே இல்லாத ஒருவனுக்கு நூற்றுக்கணக்கானவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவனுக்காக வேலை செய்யும் கையாட்கள் சேர்ந்தார்கள். ‘பிராக்சி’ என்று அவர்களுக்குப் பெயர். காட்டுக்குள் ஒரு மாளிகை எழும்பியது. நட்சனின் இரண்டு படங்களில் மாளிகை இல்லை, கையாள் இல்லை, யாரையாவது கொன்றால் அவனிடம் சேரலாம் என்ற விதியும் இல்லை. அந்த மாளிகையின் செங்கற்களை ஒருவரை ஒருவர் அறியாத எத்தனையோ பேர் அடுக்கியிருக்கிறார்கள். தான் வைத்தது ஒரே ஒரு கல் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். முழு வீட்டையும் பார்த்தவர்கள் கடைசியில் வந்த பிள்ளைகள்தான்.

விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கிக்கு மேற்கே வாக்கிஷா என்ற ஊர். 70,000 பேர் வாழும் அமைதியான இடம். அங்கே நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி மதிய உணவு நேரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இன்னொரு சிறுமி அவளைப் பார்த்துவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்படித் தொடங்கிய நட்பு. ஆறாம் வகுப்பில் மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். ஒல்லி மனிதன் அவளோடு வந்தான். அவர்களின் பெயர்களை உலகமே அறியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என்பதால் நான் எழுதவில்லை.

தனியாக உட்கார்ந்திருந்தவளும் புதிதாக வந்தவளும் அவன் இருப்பதாக நம்பினார்கள். கையாட்களாக வேண்டும், இல்லாவிட்டால் தங்கள் குடும்பங்களை அவன் விடமாட்டான் என்று நம்பினார்கள். மாளிகை வடக்கே நிக்கோலெட் காட்டுக்குள் இருப்பதாக முடிவு செய்தார்கள். தட்டோடு வந்து உட்கார்ந்த தோழிக்கு இந்தப் பேச்செல்லாம் பயம். ஆனாலும் தோழியை விட்டுவிட அவளுக்கு மனமில்லை.

2014 மே 30 இரவு, ஒருத்தியின் பிறந்தநாளுக்காக மூவரும் ஒரே வீட்டில் தூங்கினார்கள். மறுநாள் காலை பூங்காவுக்குப் போய், கண்ணாமூச்சி ஆடலாம் என்று அதை ஒட்டிய மரக்கூட்டத்துக்குள் போனார்கள். அங்கே தட்டோடு வந்து உட்கார்ந்த தோழிமேல் பத்தொன்பது முறை கத்தி இறங்கியது. அசையாமல் படுத்திரு, உதவிக்கு ஆள் கூட்டி வருகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் வடக்கு நோக்கி நடந்தார்கள். கிடந்தவள் அசையாமல் கிடக்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து பாதையோரத்துக்கு வந்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்து அவசர உதவியை அழைத்தார். ஒரு குத்து இதயத்தின் பெரிய ரத்தக் குழாயை மயிரிழையில் தவறவிட்டிருந்தது. அவள் பிழைத்தாள். மற்ற இருவரும் சில மணி நேரத்தில் நெடுஞ்சாலை அருகே பிடிபட்டார்கள். கத்தி பையில் இருந்தது.

ஒல்லி மனிதன் அடுத்துப் போன இடம் நீதிமன்றம். பிடிபட்ட பிள்ளைகளில் ஒருத்தியின் அறையிலிருந்து எடுத்த நோட்டுப் புத்தக ஓவியங்களாக, சாட்சியப் பொருளாகப் போனான். விஸ்கான்சின் சட்டப்படி, பத்து வயது நிரம்பிய பிள்ளைமேல் இத்தகைய கொலை முயற்சி வழக்கு வந்தால் அது நேராகப் பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போகும். சிறார் நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்ட மனுக்கள் தோற்றன. சங்கிலி மாட்டிய அந்தப் பிள்ளைகளின் படங்கள் உலகெங்கும் போயின.

விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியை என்னால் கடந்து போக முடியவில்லை. தனியாக உட்கார்ந்திருந்த அந்தச் சிறுமிக்கு, மிக அரிதாக இளவயதிலேயே வரும் மனச்சிதைவு நோய் இருந்தது. அவள் தகப்பனுக்கும் அதே நோய். ஒல்லி மனிதனோடு மட்டும் அவள் பேசவில்லை. ஹாரி பாட்டர் கதைகளின் வால்டமோர்ட்டோடும், நிஞ்சா ஆமைகளில் ஒன்றோடும் பேசிக்கொண்டிருந்ததாக மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். நாம் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கும் புத்தகத்திலிருந்தும் பொம்மைக் கடையிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். உடைந்துகொண்டிருந்த ஒரு மனம் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவள் யாரோடு பேசுகிறாள் என்று கேட்கப் பக்கத்தில் ஒரு பெரியவர் இல்லை. நோயின் பெயர் தெரிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் காவலில் மருந்தில்லாமல் இருந்தாள். இதற்கு இணையத்தில் படம் போட்டவர் பொறுப்பாக முடியாது.

இன்னொருத்தியின் நிலை வேறு. அவளுக்கு அதே நோய் இல்லை. அடுத்தவரின் பிரமையைத் தனதாக்கிக்கொண்ட மனக்கோளாறு என்று நிபுணர்கள் சொன்னார்கள். தனிமையும், ஒரே ஒரு தோழியும், வீட்டுக்குள் ஒரு திரையும். கதையின் பங்கை அதிகம் பேச வேண்டியது இவள் விஷயத்தில்தான். சின்ன வயதில், பாட்டி முனி கதை சொன்ன மறுநாள் காலையில், “நெசமா பாட்டி?” என்று நாங்கள் கேட்டிருக்கிறோம். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் அந்த ஒரு கணமே எங்களுக்குப் போதும். இந்தப் பெண் யாரிடம் கேட்டிருப்பாள்? கதைக்கு எழுதியவரே இல்லையே.

லிண்டா டேக், ஆண்ட்ரூ வாஸோனி என்ற நாட்டாரியல் ஆய்வாளர்கள் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். “‘நாய்’ என்ற சொல் கடிக்குமா?” என்பது அதன் தலைப்பு. வாய்வழிக் கதையை மனிதர்கள் கேட்பதோடு நிற்பதில்லை, சில சமயம் அதை நடித்தும் வாழ்ந்தும் பார்க்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதற்கு முன்னோடியும் உண்டு. 1954இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கத்தியும் கூர்தீட்டிய குச்சியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து, இரும்புப் பல் ரத்தக்காட்டேரி ஒன்றைத் தேடினார்கள். பெரியவர்கள் அமெரிக்கப் பேய்க் காமிக்ஸ்மேல் பழி போட்டார்கள். அடுத்த வருடமே அவற்றைத் தடுக்கச் சட்டம் வந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில், தெருவில், கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து பார்க்க முடிந்தது, வீட்டுக்குப் போகச் சொல்ல முடிந்தது. வாக்கிஷாவில் இரண்டே பேர். அதுவும் கதவைச் சாத்திய அறையில்.

குத்து நடந்த செய்தி பரவியதும் நட்சன் தன் வருத்தத்தைத் தெரிவித்தார். கிரீப்பிபாஸ்டா எழுதுபவர்களும் வாசிப்பவர்களும் 24 மணி நேர நேரலை நடத்தி, காயம்பட்ட சிறுமிக்காகப் பணம் திரட்டினார்கள். வாக்கிஷா பள்ளிகள் கிரீப்பிபாஸ்டா தளத்தை முடக்கின. 2017 டிசம்பரில், மூன்றாவதாக வந்து சேர்ந்தவளுக்கு 25 வருடமும், 2018 பிப்ரவரியில், தனியாக உட்கார்ந்திருந்தவளுக்கு 40 வருடமும் மனநலக் காப்பகக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. முதலாமவள் 2021இல் நிபந்தனைகளோடு வெளியே வந்தாள். இரண்டாமவளை வெளியே விட 2025 ஜனவரியில் நீதிபதி ஒப்புக்கொண்டார்.

2018 ஆகஸ்டில் ஒல்லி மனிதன் திரைப்படமாக வந்தான், சோனி வெளியிட்டது. அதை எடுத்திருக்கவே கூடாது என்று குற்றம் செய்த சிறுமி ஒருத்தியின் தகப்பன் சொல்லியும் பயனில்லை. மார்கஸ் தியேட்டர்ஸ் நிறுவனம் மட்டும் மில்வாக்கி, வாக்கிஷா பகுதிகளில் உள்ள தன் அரங்குகளில் அதைத் திரையிட மறுத்தது. ஒன்பது வருடமாக எங்கும் தடையில்லாமல் நுழைந்த உருவம், தன்னால் காயப்பட்ட ஊரில் அந்த அரங்குகளுக்குள் நுழையவில்லை.

ஊர்ந்து வந்த சிறுமி அந்தச் செப்டம்பரிலேயே பள்ளிக்குத் திரும்பினாள். ஐந்து வருடம் யாரிடமும் பேட்டி கொடுக்கவில்லை. 2019இல், பதினேழு வயதில், முதல்முறையாகத் தொலைக்காட்சியில் பேசினாள். தழும்புகள் பழகிவிட்டன, மருத்துவத் துறைக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். இரவில் உடைந்த கத்தரிக்கோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவதாகவும் சொன்னாள்.