தூக்காம கப்பல் ஏறணும்

கும்மிடிப்பூண்டியில இருக்கிற என் அத்தை போன மாசம் போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "டேய், சென்னையிலேர்ந்து சுற்றுலாக் கப்பல் போகுதாமே. என் பேட்டரி வண்டியோட அதுல ஏற முடியுமா? யாரும் என்னைத் தூக்கக் கூடாது. அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

அஞ்சு நிமிஷம் கூகுள் பண்ணா பதில் கிடைச்சிடும்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு. நடுவுல 1639க்கு எல்லாம் போயிட்டு வந்தேன். அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல அத்தையைப் பத்திச் சொல்லிடறேன். சின்ன வயசுல போலியோ. ஒரு கால்ல கேலிப்பர், கையில ஊன்றுகோல். அப்படியே சிப்காட்ல ஒரு கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பார்த்தாங்க. பெட்ரோல் ஸ்கூட்டர்ல பின்னாடி ரெண்டு சக்கரம் கூடுதலா மாட்டியிருக்குமே, சைடு வீல் வண்டி, அதுலதான் வேலைக்குப் போவாங்க. ஐம்பது தாண்டினதும் நல்லா இருந்த காலும் வலுவிழக்க ஆரம்பிச்சது. போன வருஷம் அவங்க பையன் ஒரு மொபிலிட்டி ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்தான். நாலு குட்டிச் சக்கரம், ஒரு சீட், முன்னாடி ஹேண்டில். வீட்டுக்குள்ளயே ஓட்டலாம். இப்போ சமையலறையிலேர்ந்து வாசலுக்கு அவங்க வர்ற வேகத்துக்கு நாமதான் ஒதுங்கணும்.

"தூக்கக் கூடாது"ன்னு சொன்னதுக்கு ஒரு காரணம் இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிராவல்ஸ்காரங்க கூட்டிட்டுப் போன கோயில் டூர்ல, படிக்கட்டு வந்ததும் ரெண்டு பேர் ஓடி வந்து, ஒரு வார்த்தை கேக்காம, நாற்காலியோட அவங்களைத் தூக்கிட்டாங்க. நல்ல மனசோடதான் செஞ்சாங்க. ஆனா ஊரே வேடிக்கை பார்த்தது. அத்தை அதுக்கப்புறம் எந்த டூருக்கும் போகலை.

இந்தத் 'தூக்கறது'ங்கிற வார்த்தையை மனசுல வெச்சுக்கிட்டுச் சென்னைத் துறைமுகத்தோட பழைய கதையைப் படிச்சப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (வேணும்னே சொல்லலை, தானா வந்துடுச்சு.)

1639ல ஆங்கிலேயர்கள் மதராஸ்ல கால் வெச்சாங்கன்னு ஸ்கூல்ல படிச்சோம். உண்மையில அவங்க கால் வைக்கிறதே பெரும்பாடா இருந்தது. ஏன்னா இங்க துறைமுகமே கிடையாது. நேர்கோடு மாதிரி மணற்கரை, அதுல ஓயாம உடையற அலை. கப்பல்கள் தூரத்துல ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கும். ஐரோப்பியப் படகுகள் அந்த அலையில வந்தா உடைஞ்சு போகும். உடையாம வந்தது நம்ம ஊர் மசூலா படகு மட்டும்தான். அதுல ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிறு வெச்சுத் தைச்சிருப்பாங்க. அதனால அலை அடிக்கும்போது படகு வளைஞ்சு கொடுக்கும். என்னைக் கேட்டா, அந்தக் காலத்து மதராஸோட மிகப் பெரிய இன்ஜினியரிங் சாதனை கோட்டை இல்லை, இந்தப் படகுதான்.

கப்பல்லேர்ந்து மசூலா படகுல இறங்கறதே ஒரு சர்க்கஸ். படகு மேலயும் கீழயும் போகும், சரியான நொடியில குதிக்கணும். முடியாதவங்களை நாற்காலியில உக்கார வெச்சுக் கயிறு கட்டி இறக்குவாங்க. அப்புறம் கரைக்குப் பக்கத்துல வந்ததும் படகோட்டிகள் தண்ணியில குதிச்சு, பயணிகளை முதுகுலயோ நாற்காலியிலயோ சுமந்து மணல்ல கொண்டுபோய் விடுவாங்க. கவர்னரா இருந்தாலும் சரி, புதுசா வந்த குமாஸ்தாவா இருந்தாலும் சரி. அந்த அலைக்கு முன்னாடி யாருக்கும் தன் காலால கரையேற வழியில்லை.

இங்கதான் நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். இருநூறு வருஷத்துக்கு மேல, சென்னைக்குக் கப்பல்ல வந்த கிட்டத்தட்ட எல்லாருமே தூக்கித்தான் இறக்கப்பட்டாங்க. அவங்களைப் பார்த்து யாரும் 'பாவம்'னு சொல்லலை. 'உதவி தேவைப்படுபவர்'னு படிவத்துல எழுதலை. அலைதான் பிரச்சினை, மனுஷன் இல்லைன்னு எல்லாருக்கும் தெளிவா தெரிஞ்சிருந்தது. அதனால தீர்வையும் அலைகிட்டத்தான் தேடினாங்க. 1861ல கடலுக்குள்ள நீளமா ஒரு இரும்புப் பாலம் கட்டினாங்க. 1870களின் நடுவுல துறைமுக வேலை ஆரம்பிச்சது. 1881 நவம்பர்ல வந்த புயல் அதைச் சிதைச்சது. திரும்பவும் கட்டினாங்க. துரைமார் நனையாம இறங்கறதுக்கும், முக்கியமா சரக்கு நனையாம இறங்கறதுக்கும், கடலையே சுவர் வெச்சு நிறுத்தற அளவுக்குப் பணம் இருந்தது. அப்போ 'சில பேருக்காக இவ்வளவு செலவா'ன்னு கேட்டு வேலையை நிறுத்தலை.

துறைமுகம் வந்ததும் கேங்வே வந்தது, அதாவது கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல போடற சாய்வுப் பலகை. அந்த நாள்லேர்ந்து, நடக்க முடிஞ்சவங்களுக்குத் தூக்கற தேவை போயிடுச்சு. நடக்க முடியாதவங்களுக்குப் போகலை. 1926ல கட்டின 'ரஜுலா' கப்பல்ல நம்ம ஆட்கள் மதராஸ், நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் போனாங்க. கப்பலோட மேல்தளத்துல பாய் விரிச்சுப் படுத்து, டிரங்குப் பெட்டியோட ஆயிரக்கணக்குல போனவங்க. நம்ம பாட்டி, தாத்தா கதைகள்ல வர்ற கப்பல் அது. அந்தக் கதைகள்ல ஊன்றுகோலோட யாரும் வர்றதில்லை. கவனிச்சிருக்கீங்களா?

இப்போ அத்தையோட வண்டிக்கு வருவோம். 1968ல, அமெரிக்காவோட மிச்சிகன் மாநிலத்துல ஆலன் தீம்னு ஒருத்தர். பிளம்பிங், ஹீட்டிங் வேலை எடுத்துச் செய்யறவர். அவர் குடும்பத்துல ஒருத்தருக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் வந்து நடக்க முடியாம போச்சு. சக்கர நாற்காலியில உக்கார அவங்களுக்கு மனசில்லை. தீம் ஒரு சின்ன மோட்டார் வண்டி செஞ்சு 'அமிகோ'ன்னு பேர் வெச்சார். ஸ்பானிஷ்ல நண்பன்னு அர்த்தம். இன்னைக்கு இருக்கிற மொபிலிட்டி ஸ்கூட்டர்களோட கதை அங்கதான் ஆரம்பிக்குது.

வண்டி வந்தாச்சு. சுற்றுலாக் கப்பல்களும் பெருசாகிட்டே போச்சு. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சந்திச்ச இடம் நிலைப்படி. நம்ம வீடுகள்ல நிலைப்படியில உக்காரக் கூடாதுன்னு பாட்டி திட்டுவாங்களே, அதே மாதிரி ஒரு உயர்ந்த படி கப்பல் கதவுகள்ல இருக்கும். தளத்துல ஏறின தண்ணி உள்ள வராம தடுக்கறதுக்கு. பாதுகாப்புக்காக வெச்சது, தப்பு சொல்ல முடியாது. ஆனா நாலு குட்டிச் சக்கரத்துக்கு அது ஒரு மதில் சுவர்.

1998லயும் 1999லயும் அமெரிக்காவோட ஹூஸ்டன்லேர்ந்து 'நார்வீஜியன் குரூஸ் லைன்' கப்பல்கள்ல போன மாற்றுத்திறனாளிப் பயணிகள் சிலரும் அவங்க கூடப் போனவங்களும் வழக்கு போட்டாங்க. டக்ளஸ் ஸ்பெக்டர்ங்கிறவர் பேர்லதான் அந்த வழக்கு இன்னைக்கும் அறியப்படுது. சக்கர நாற்காலி போகிற அறைக்கு அதிகக் கட்டணம், கூட ஒருத்தர் கட்டாயம் வரணும்ங்கிற நிபந்தனை, ஆபத்துல வெளியேத்தற திட்டத்துல தங்களுக்கு இடமில்லை, தாண்ட முடியாத நிலைப்படிகள்னு அவங்க குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு வாதம் சுவாரசியமானது. கம்பெனி மியாமியில இருக்கலாம், பயணிகள் அமெரிக்கர்களா இருக்கலாம், ஆனா கப்பல்ல பறக்கிறது பஹாமாஸ் கொடி. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது. கீழ் கோர்ட் அதை ஒத்துக்கிட்டது. 2005 ஜூன் 6ல உச்ச நீதிமன்றம் ஒத்துக்கலை. வெளிநாட்டுக் கொடியா இருந்தாலும் அமெரிக்கக் கடற்பரப்புல சட்டம் பொருந்தும்னு சொன்னது. அதே சமயம், சர்வதேசப் பாதுகாப்பு விதிகளோட மோதற மாற்றத்தையோ, மத்தவங்க பாதுகாப்பைப் பாதிக்கிற மாற்றத்தையோ அந்தச் சட்டம் கேக்கலைன்னும் சொன்னது. அதாவது நிலைப்படியை எல்லா இடத்துலயும் உடைக்க முடியாது. ஆனா 'கொடி வேற'ங்கிற சாக்கைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது.

சரி, இதுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் என்ன சம்பந்தம்? 2022 ஜூன்ல முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைச்சு அனுப்பின கார்டிலியா கம்பெனியோட 'எம்பிரஸ்' ஞாபகம் இருக்கா? இன்ஸ்டா முழுக்க அதுதானே ஓடிச்சு. அந்தக் கப்பல் புதுசு இல்லை. 1990ல பிரான்சுல கட்டினது, 'நார்டிக் எம்பிரஸ்'னு பேர். மியாமியிலேர்ந்து பஹாமாஸ் போற குட்டிப் பயணங்களுக்காக வந்த கப்பல். அது ஓட ஆரம்பிச்சது 1990 ஜூன்ல. அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது அதே வருஷம் ஜூலை 26ல. ஒரே கோடைக்காலத்துல பிறந்த ரெண்டு பேர். எங்க பாஷையில சொன்னா லெகசி கோட். நாம எழுதாத கோட், வேற நாட்டு யூசருக்காக எழுதினது, நம்ம ஊர்ல டெப்ளாய் ஆகி நிக்குது. சென்னையில ஏறுற ஒருத்தருக்குக் கதவு எவ்வளவு அகலம்ங்கிறதை முடிவு பண்ணினது பெரும்பாலும் மியாமி மார்க்கெட்.

நம்ம சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்த்தேன். 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ரயில் பெட்டி, பஸ், விமானத்தோட கப்பலையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்காங்க. கூடவே 'பொருளாதார வசதிக்கு உட்பட்டு'ங்கிற மாதிரி ஒரு வால். அந்த வால்தான் நாய்! 2016ல வந்த புதுச் சட்டம் பல விதத்துல அதைவிட வலுவானது. ஆனா வசதிகள் செய்ய வேண்டிய இடங்கள்னு 41வது பிரிவுல பேர் சொல்றது பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம். துறைமுகத்தைப் பேர் சொல்லலை. 'எல்லாப் போக்குவரத்து முறைகளும்'ங்கிற பொது வரியில கப்பலும் அடங்கும்னு வாதாடலாம்தான். இருந்தாலும், எண்ணூர்லயும் காட்டுப்பள்ளியிலயும் துறைமுகம் இருக்கிற திருவள்ளூர் மாவட்டத்துக்காரனா எனக்கு அந்த விடுபடல் உறுத்துது.

விமானத்துல மட்டும் எல்லாம் ஒழுங்கா நடந்துடுதான்னா அதுவும் இல்லை. 2012ல ஜீஜா கோஷ்ங்கிற செயல்பாட்டாளரை, செரிப்ரல் பால்சி இருக்குங்கிறதால ஸ்பைஸ்ஜெட் விமானத்துலேர்ந்து இறக்கி விட்டாங்க. 2016ல உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. டிக்கெட் எடுத்து, சீட்ல உக்காந்த பிறகு நடந்தது அது.

கடலுக்கே திரும்பறேன். 2022 நவம்பர் 27ல மெரினாவுல 263 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரப்பாதை திறந்தாங்க. அந்த வார வீடியோக்களை இப்பவும் பார்க்கலாம். வாழ்நாள் பூரா சென்னையில இருந்தும் முதல் தடவையா கடலைக் கிட்டப் பார்க்கிறவங்க. ரெண்டு வாரம்கூட ஆகலை, மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்துச்சு. 'வேஸ்ட் செலவு'ன்னு மீம் போட்டாங்க. 1881ல துறைமுகமும்தான் போச்சு. யாரும் துறைமுகம் வேண்டாம்னு முடிவு பண்ணலையே? பாதையைச் சரி பண்ணினாங்க, இப்போ சக்கர நாற்காலிகள் போகுது. மசூலா படகுகள் கரையேறினதும் இதே கடற்கரைப் பக்கம்தான்.

அத்தைக்கு நான் அனுப்பின வாய்ஸ் நோட்டோட சுருக்கம் இது. கப்பல்கள்ல சாதாரண அறைக் கதவு ரொம்பக் குறுகல், ஸ்கூட்டர் நுழையாது. அகலக் கதவு உள்ள அறைகள் கொஞ்சம்தான் இருக்கும், அதைத்தான் முதல்லயே கேட்டு வாங்கணும். வண்டியைத் தாழ்வாரத்துல விட பொதுவா அனுமதி கிடையாது, ஆபத்து நேரத்துல வழி மறிக்கும். அறைக்குள்ளதான் நிறுத்தணும், அங்கயே சார்ஜ் போடணும். பேட்டரி என்ன வகைன்னு முன்கூட்டியே சொல்லணும். சென்னையில கடல் ஏத்த இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான், அதனால கேங்வே சாய்வு நாள் பூரா பெருசா மாறாது. ஆனா புதுச்சேரி மாதிரி பெரிய கப்பல் கட்ட ஆழமில்லாத ஊர்ல இறங்கணும்னா சின்னப் படகுல மாறணும். அங்க வண்டி வராது. திரும்பவும் மசூலா காலம்தான், யாராவது தூக்கணும்.

"அங்க நான் இறங்கலைடா. மேல உக்காந்து கடலைப் பார்த்துட்டிருக்கேன்"னு பதில் வந்தது. அப்புறம் இன்னொரு வாய்ஸ் நோட்: "வீட்லேர்ந்து துறைமுகம் வரைக்கும் எப்படிப் போறதுன்னு நீ சொல்லவே இல்லையே?"

சொல்லலைதான். கும்மிடிப்பூண்டியிலேர்ந்து சுமார் 45 கிலோமீட்டர். சைடு வீல் வண்டியைக் கப்பல்ல ஏத்த முடியாது. பேட்டரி வண்டியைக் கண்டெய்னர் லாரி ஓடற ரோட்டுல ஓட்ட முடியாது. பேட்டரி வண்டியோட அவங்களும் உக்காந்தபடி ஏற, சாய்வுப் பலகை வெச்ச வாடகை வேன் ஒண்ணு தேடிட்டிருக்கேன். இதுவரைக்கும் பேசினவங்க எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: "அதுக்கென்ன சார், நம்ம பசங்க ரெண்டு பேர் தூக்கி வெச்சிடுவாங்க."

அத்தை டேப் எடுத்து வண்டியை அளந்து வெச்சிருக்காங்க. அகலம் 56 சென்டிமீட்டர். வேன் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.