லாபிஸ் கடைத்தெருவும் அஞ்சடியும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் லாபிஸ். அதன் கடைத்தெருவில் நண்பகலிலும் குடையின்றி நடக்கலாம். கடைகளின் மேல்மாடி முன்னே நீண்டு தூண்களின்மேல் தங்கி, கீழே நடப்பார்க்கு நிழல் தருகின்றது. மழை கொட்டும்போதும் கடைதோறும் விலை கேட்டு, அறிந்தவரைக் கண்டால் நின்று நலம் உசாவி, வரிசையின் மறுகோடிவரை நனையாது சென்றுவிடலாம். இவ்வழியை மலேசியத் தமிழர் ‘அஞ்சடி’ என்பர்.

சொல் ஆராயத்தக்கது. ஐந்தடி என்பதன் பேச்சு வடிவே அஞ்சடி. யாப்புப் பயிற்றும் ஆசிரியர்க்கு ஐந்தடி என்றதும் பஃறொடை வெண்பா நினைவிற்கு வரலாம். ஈண்டுக் குறிப்பது நீட்டலளவை. மலாய்க்காரர் இதனைக் ‘காக்கி லீமா’ என்பர். காக்கி அடி, லீமா ஐந்து. ஹொக்கியன் சீனர் எண்ணைத் தம் மொழியிற் கூறி, மலாய்க் காக்கியைத் தம் ஒலிக்கு ஏற்ப அமைத்துக்கொண்டனர். தமிழர்க்கு அத்தொல்லை இல்லை. பாதத்தையும் அளவையும் ஒருங்கே குறிக்கும் ‘அடி’ அவர்களிடம் முன்னமே இருந்தது.

இவ்வழிக்கு வித்திட்டது சிங்கப்பூர். 1822இல் நகரமைப்புக் குழுவினர்க்கு விடுத்த கட்டளையில், செங்கல் வீடுகளின் முன்னே தெருநெடுகத் தொடர்ந்து செல்லும் மூடுவழி வேண்டும் என்றார் ராஃபிள்ஸ். அது எந்நேரமும் திறந்திருத்தல் வேண்டும் என்பதே அக்கட்டளையின் உயிர். நிலம் கடைக்காரருடையது, நடை பொதுமக்களுடையது. நம் ஊர்த் திண்ணையோடு இதனை ஒப்பிடுவார் உண்டு. பொருந்தாது. திண்ணையில் அயலார் அமர்வது வீட்டாரின் அருளால். அஞ்சடியில் நடப்பது உரிமையால். அவ்வுரிமைக்கும் வணிகர் பரப்பிய சரக்குக்கும் இடையே எழுந்த பூசல் 1888இல் சிங்கப்பூரில் கலகமாகவே மூண்டது.

லாபிஸ் வழியாகச் செல்லும் ஜொகூர் இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. ரப்பரும் பின்னர்ச் செம்பனையும் சுற்றுப்புறத்தை நிறைத்தன. ‘ஜொகூர் லாபிஸ்’ என்பது இன்றும் செம்பனை வித்தாய்வில் ஓரினத்தின் பெயர். தோட்டத்தில் லயமும் சாலையும் மருந்தகமும் துரைமாருடையவை. சம்பளம் வாங்கிய மறுநாள் பட்டணம் வந்த பால்மரத் தொழிலாளி எவர் உத்தரவும் கேளாது நடந்த முதலிடம் இந்த அஞ்சடியாக இருந்திருக்கும். அங்கே வாங்காமல் பார்த்துச் செல்வதும் ஓரின்பமே.

அவ்வின்பம் பலமுறை தடைப்பட்டது. 1942 சனவரியில் ஆஸ்திரேலியப் படை சிகாமட்டிலிருந்து லாபிஸ் வழியே யோங் பெங்கிற்குப் பின்வாங்கியது. பின்தொடர்ந்து சப்பானியர் வந்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் சிகாமட், லாபிஸ் வட்டாரம் கெரில்லாக்களின் வலுவான களங்களுள் ஒன்று. உணவுக் கட்டுப்பாடு நடந்த இடங்களில் அரிசி கொண்டு செல்வதே குற்றமாயிற்று. தகர டப்பாக்களைக் கடைக்காரர் துளையிட்டே விற்க வேண்டியதாயிற்று. 1964 செப்டம்பர் 2ஆம் நாள் இந்தோனேசிய வான்குடைப் படையினர் லாபிஸ் அருகே குதித்தனர்.

1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையுற்றபின், நெடுந்தொலைவு செல்லும் ஊர்திகள் பலவும் லாபிசை விட்டு விலகின. வணிகர்க்கு அது இழப்பு. நடப்பார்க்குச் சற்று நன்மை. இப்போதைய இடையூறு வேறு. மலேசியச் சிற்றூர்கள் பலவற்றில் அஞ்சடியை மோட்டார் சைக்கிள்களும் சரக்குப் பெட்டிகளும் அடைக்கின்றன. கடைக்குக் கடை தளம் உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பதால் முதியோர் சாலையில் இறங்கி நடக்கின்றனர். 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இத்தகைய நடைவழியை அடைத்தலைக் குற்றமென்றே கூறுகின்றது.