பூச்சியத்தால் வகுத்தவர்கள்

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 வரும் என்கிறார் ஆசிரியர். மூன்று பழத்தை மூன்று பேருக்குக் கொடுத்தால் ஆளுக்கு ஒன்று. உடனே சிறுவன் ராமானுஜன், பழமும் இல்லை, ஆளும் இல்லை என்றால் அப்போதும் ஆளுக்கு ஒன்றா என்று கேட்டானாம்! கதை நடந்ததோ இல்லையோ, கேள்வி சரியான கேள்வி. பெரிய பெரிய கணித மேதைகளே இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

கி.பி. 628-ல் பிரம்மகுப்தர் பூச்சியத்துக்கு முறையாக விதிகள் எழுதினார். கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். வகுத்தலில்தான் சறுக்கல். 0 வகுத்தல் 0 என்பது 0 என்று எழுதிவிட்டார். ஏறத்தாழ 850-ல் மகாவீரர் தம் 'கணித சார சங்கிரக'த்தில், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அது மாறாமல் அப்படியே இருக்கும் என்றார். யாருக்கும் பங்கு கொடுக்கவில்லை என்றால் பொருள் அப்படியே இருக்கும் என்று நினைத்திருக்கலாம். (இந்த நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-ல் சென்னையில் பதிப்பித்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார். அதே ஆண்டில்தான் ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்.)

ரொம்ப சுவாரசியமானவர் இரண்டாம் பாஸ்கரர். 1150-ல் எழுதிய 'லீலாவதி'யில் ஒரு கணக்கு வைக்கிறார். ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கு, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டு, மூன்றால் பெருக்கு, பூச்சியத்தால் வகு, 63 வருகிறது. எண் என்ன? அவர் தரும் விடை 14. மேலே இருக்கும் பூச்சியத்தையும் கீழே இருக்கும் பூச்சியத்தையும் அடித்துவிட்டால் எண்ணின் நாலரை மடங்கு 63, ஆக 14.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அது உண்மையிலேயே பூச்சியம் என்றால், 14-ஐ வைத்துத் தொடங்கினாலும் 140-ஐ வைத்துத் தொடங்கினாலும் கடைசிப் படிக்கு முன்னால் கையில் இருப்பது 0 மட்டும்தான். எந்த எண் உள்ளே போனது என்ற தடயமே அழிந்துவிடுகிறது. அதை வகுத்தல் மீட்டுத் தராது. பூச்சியத்துக்குப் பதில் மிகமிகச் சிறிய, ஆனால் பூச்சியமல்லாத ஓர் அளவை வைத்தால் அதே கணக்கு சுத்தமாக வேலை செய்கிறது. பாஸ்கரர் மனதில் இருந்தது அதுதான் என்று வாதிடுபவர்களும் உண்டு. நியூட்டனின் கணக்கிலும் இதே ஓட்டை இருப்பதாக 1734-ல் பாதிரியார் பெர்க்லி கிண்டலடித்தார். முதலில் ஓர் அளவால் வகுத்துவிட்டுப் பிறகு அதையே பூச்சியம் என்பது எப்படி நியாயம்? 1821-ல் கோஷி எல்லை என்ற கருத்தை வைத்துப் பதில் சொல்லும் வரை சரியான விளக்கம் இல்லை.

இயற்கணிதத்தில் வேறொரு ஆபத்து. பாக்தாத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-குவாரிஸ்மி, ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம் என்ற கணக்கை எடுத்துக்கொண்டு, எண் 5 என்று முடித்துவிட்டார். 0-ம் பொருந்துமே! அவர் தேடியது பூச்சியமல்லாத விடையை, அதனால் அவருக்கு நஷ்டம் இல்லை. நம் பரீட்சையில் இருபக்கமும் 'அ'-வால் வகுத்தால் ஒரு விடை போய்விடும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து அ(அ−5)=0 என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

அப்படியானால் எப்போது வகுக்கலாம்? அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்று பார்க்க வேண்டும். காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். 'அ' என்பது ஏரிக்கரையின் நீளம் என்றால் தாராளமாக வகுக்கலாம், கரை இல்லாமல் ஏரி இல்லை. 'அ' என்பது ஏரியில் நிற்கும் தண்ணீரின் ஆழம் என்றால் கூடாது. மழை பொய்த்த வருஷத்துக் கோடையில் அது 0 ஆகிவிடும். அந்த நிலையைத் தனியாக எழுதி வைத்துவிட்டு, மீதிக்கு வகுத்துக்கொள்ளலாம்.